அவள் சொன்னது, நான் எழுதியது

கோர்வைச் சேலை தறியில் ஏறிவிட்டால் எங்கள் வீட்டில் புத்தகம் மூடப்பட்டுவிடும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம் என்று இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்கிற சேலை அது. நெய்பவருடைய இரண்டு கையும் இரண்டு காலும் அதற்குப் போதாது. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து, கரை நூலைக் குறுக்கே கொண்டுபோகிற ஓடத்தை, அதாவது கரை நாடாவை, தள்ளிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நெய்தவள் என் மனைவி, பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். காலையில் வேலைக்குப் போகுமுன் இரண்டு மணி நேரம், சாயங்காலம் திரும்பி வந்ததும் மூன்று மணி நேரம். பகலில் பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்காருவார். தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூலைப் பாவு என்போம், ஒரு பாவில் மூன்று சேலை வரும். ஆகவே கோர்வைப் பாவு ஏறினால் ஒன்றரை மாதத்துக்கு என் கை காலியாக இருக்காது.

சாதாரணப் பாவு ஏறினால் கதையே வேறு. அவளுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டாம். அவள் இறங்கி உட்கார்ந்து நெய்கிற தறிக்குழிக்கு அருகில் நான் பாயைப் போட்டு உட்கார்ந்து, நூலகத்திலிருந்து எடுத்துவந்த நாவலை வாய்விட்டுப் படிப்பேன். அவள் நெய்துகொண்டே கேட்பாள். கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது, பிறகு சோறு மாதிரி ஆகிவிட்டது. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் நான்கைந்து வருடங்களைச் சொல்கிறேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்கு ஒரு ஓட்டு வீடு. அவள் என் அத்தை மகள். சின்ன வயதிலிருந்தே என்னை "மாமா" என்றும் "நீ" என்றும்தான் கூப்பிடுவாள், கல்யாணத்துக்குப் பிறகும் அது மாறவில்லை. ஒன்பதாவது வரை படித்தவள். உண்மையைச் சொன்னால் என்னைவிட வேகமாகப் படிப்பாள். ஆனால் பகலெல்லாம் தறியில் இருப்பவளுக்குப் புத்தகம் பிடிக்கக் கை ஏது?

அந்தச் சாயங்காலங்கள் எல்லாம் இப்போது ஒரே சாயங்காலமாகத்தான் எனக்குள் இருக்கின்றன. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து பாவின் மேல் படுக்கும். அரக்கு நிறப் பாவு என்றால் சுவரும் என் கையும் படிக்கிற பக்கமும் லேசாகச் சிவக்கும். மாம்பழ நிறம் என்றால் வீடே மஞ்சளாகிவிடும். தறிச் சத்தத்துக்குள் குரலை எப்படி நுழைப்பது என்று எனக்குப் பழகிப்போயிருந்தது. அவள் பலகையை இழுத்து அடிக்கிற இடத்தில் வாக்கியம் முடியும்படி மூச்சைப் பிடித்துப் படிப்பேன். கொஞ்ச நேரம் போனால் படிப்பது நானா தறியா என்று எனக்கே தெரியாது. கடலோரத்தில் நடக்கிற ஒரு கதையைப் படித்த வாரம் எங்கள் தெருவில் உப்புக் காற்று அடித்தது. காஞ்சிபுரத்தில் ஏது கடல்? ஆனாலும் சத்தியமாக அடித்தது. "இன்னா மாமா, தெருவே நசநசன்னு இருக்குது, மகாபலிபுரத்துல இருக்கிற மாதிரி" என்று அவளும் ஒருநாள் சொன்னாள். கதையில் செத்துப்போன மீனவரை மறுநாள் காலை ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் பார்த்தேன். அதே நரைத்த மீசை, அதே தோள் துண்டு. கைகாட்டிக் கூப்பிடவே போய்விட்டேன்.

விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிற நிறமாக நூல் காற்றில் லேசாக ஆடும். அதன் ஓரமாக நடந்து வேலைக்குப் போகும்போது முந்தின நாள் படித்த பக்கங்கள்தான் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். எத்தனையோ தடவை தெரிந்தவர்கள் கூப்பிட்டது காதில் விழாமல் போயிருக்கிறேன். எனக்குத் தலைக்கனம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

நான் படிப்பதோடு சரி. படித்ததைப் பற்றிச் சொல்வதெல்லாம் அவள்தான். அதுவும் கேட்டால் சொல்ல மாட்டாள். நெய்துகொண்டே, யாரிடமோ சொல்வதுபோல், பாதி வாக்கியத்தில் விழும்.

ஒரு நாவலில் ஒரு பெண் வீட்டைவிட்டுப் போன கணவனுக்காக ஏழு வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். அந்தப் பக்கத்தை நான் இரண்டு தடவை படித்தேன். இவள் நாடாவை நிறுத்தாமல் சொன்னாள்: "ஏழு வருஷத்துல அந்த வீட்ல ஒரு நாள்கூட அரிசி தீரலையே மாமா."

இன்னொன்றில் கதாநாயகன் மனமுடையும்போதெல்லாம் மழை வந்தது. "இவரு அழணும்னா உடனே மழை வந்துடுது. வானம் இன்னா இவரு வூட்டு வேலைக்காரியா?" என்றாள். நெசவாளி ஒருவன் காதலியை நினைத்துத் தறியில் பாடிக்கொண்டே நெய்வதாக ஒரு கதை வந்தது. எங்களைப் பற்றிய கதை என்று ஆசையாக எடுத்துவந்தேன். "நெய்ஞ்சிக்கினே பாடறானா? எண்ணிக்கை தப்பிடும். ஒண்ணு இவனுக்குப் பாடத் தெரியாது, இல்ல நெய்யத் தெரியாது" என்று ஒரே போடாகப் போட்டாள்.

கேலி மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. வயதான இரண்டு பேரைப் பற்றிய ஒரு சின்ன நாவல். பெரிதாக ஒன்றும் நடக்காது. படித்து முடித்து மூடி வைத்தேன். வெகு நேரம் நெய்துகொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். "இந்தக் கதையில யாரும் யாரையும் தொடவே இல்ல மாமா. ஆனா ஒருத்தருக்கொருத்தர் தண்ணி மொண்டு குடுத்துக்கினே இருக்காங்க. அதுதான் அவங்க தொட்டுக்கறது." நான் மறுபடி புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். ஆமாம், பக்கத்துக்குப் பக்கம் தண்ணீர். நூற்றைம்பது பக்கத்தையும் வாய்விட்டுப் படித்தவன் நான், என் கண்ணில் ஒரு டம்ளர்கூடப் படவில்லை.

எனக்கு அச்சகத்தில் வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் உற்சவ நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் கணினியில் தட்டிக் கொடுப்பேன். தமிழ் தட்டத் தெரிந்ததால்தான் அந்தக் குழு எனக்குக் கிடைத்தது. தமிழில் புத்தகம் படிக்கிறவர்களின் மின்மடல் குழு. சென்னையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் அதை நடத்தினார். எல்லோரும் அவரை டீச்சர் என்றே எழுதுவோம். மாதத்தின் முதல் ஞாயிறு அவரிடமிருந்து மடல் வரும்: இந்த மாதம் என்ன படித்தீர்கள், என்ன தோன்றியது? அதற்குக் கீழே அவரவர் எழுத வேண்டும். சிங்கப்பூரில் கணினி வேலையில் இருந்த ஒரு தம்பிதான் எல்லாவற்றுக்கும் முதலில் பதில் போடுவார். எல்லோருக்கும் புனைபெயர். என் புனைபெயரை இங்கே சொல்லப்போவதில்லை, இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். ஒட்டுப்பலகை அடைத்த சின்னச் சின்ன அறைகள், வாசலுக்குத் துணித் திரை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போவேன். தமிழ் எழுத்துருவை ஒரு ஃபிளாப்பியில் போட்டுச் சட்டைப் பையில் கொண்டுபோவேன், இல்லாவிட்டால் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். பக்கம் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கி வரும். டொரான்டோவில் இன்று பனி, ஜன்னலோரம் உட்கார்ந்து இந்தப் புத்தகத்தை முடித்தேன் என்று ஒருவர் எழுதியிருப்பார். என் சட்டை முதுகில் ஒட்டியிருக்கும், கீழே உத்திரமேரூர் பஸ்காரர் கூவிக்கொண்டிருப்பார். அந்த இருட்டறையில் எனக்கு இரண்டும் ஒரே ஊராகத் தெரியும். பனியில் பஸ் நின்றுகொண்டிருக்கும். நேரம் முடிந்தது என்று கடைக்காரர் பலகையைத் தட்டும்போது தூக்கத்திலிருந்து எழுவதுபோல எழுந்து வருவேன்.

முதல் மடலாக நான் எழுதியது இரண்டு பக்கம். படிமம், தரிசனம், இருத்தலின் துயரம் என்று தெரிந்த பெரிய சொல்லை எல்லாம் போட்டு நிரப்பியிருந்தேன். சிங்கப்பூர்த் தம்பி மட்டும் பதில் போட்டிருந்தார், "பகிர்வுக்கு நன்றி" என்று. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைச் சரியாகப் போட்டால்கூட இதைவிட நாலு நல்ல வார்த்தை சொல்வார்கள்.

அடுத்த மாதம் ஏழு வருடம் காத்திருந்தவளைப் பற்றி எழுதினேன். என் சரக்கு ஒரு பத்தி. கடைசியில், "ஏழு வருடத்தில் அந்த வீட்டில் ஒரு நாள்கூட அரிசி தீரவில்லை" என்று ஒரு வரி. என் மனைவி சொன்னாள் என்று தட்டிவிட்டு, அது ஏதோ சமையற்குறிப்பு மாதிரி இருக்கிறதே என்று அழித்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. மூன்று சொல்லை அழித்தேன்.

அடுத்த ஞாயிறு பதினேழு பதில்கள். "ஒரே வரியில் நாவலைக் கவிழ்த்துவிட்டீர்கள்" என்று டீச்சர் எழுதியிருந்தார். மாடிப்படியில் இறங்கும்போது கால் தரையில் படவில்லை.

அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. அச்சகத்தில் பத்திரிகை அட்டை வெட்டும்போது ஓரத்தில் மெலிதாகச் சீட்டுகள் விழும், மஞ்சளும் ரோஜா நிறமுமாக. அவற்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். அவள் ஏதாவது சொன்னதும் கொல்லைப்பக்கம் போய்க் குறித்துக்கொண்டு வருவேன். "அது இன்னாது மாமா பாக்கெட்ல எப்ப பாரு சீட்டு?" என்று ஒருநாள் கேட்டாள். "பிரஸ் வேலைம்மா" என்றேன். நாக்கு கூசாமல் வந்தது. புருஷன் பெண்டாட்டி வீட்டில் பேசிக்கொள்வது இரண்டு பேருக்கும் பொதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொது என்றால் எதற்குக் கொல்லைப்பக்கம் போக வேண்டும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

கோர்வைப் பாவு ஏறின மாதங்களில் படிப்பும் இல்லை, அவள் பேச்சும் இல்லை. என்னிடம் எழுத ஒன்றும் இருக்காது. "உங்கள் மடலைக் காணோமே?" என்று டீச்சர் கேட்டார். "படித்தது உள்ளே ஊற வேண்டும், ஊறாமல் நான் எழுதுவதில்லை" என்று பதில் போட்டேன். சிங்கப்பூர்த் தம்பிக்கு அது பிடித்துப்போய், தன் மடல்களுக்கு அடியில் பெயருக்குக் கீழே நிரந்தரமாகப் போட்டுக்கொண்டார். நான் கரை நாடா தள்ளிக்கொண்டிருந்த ஒன்றரை மாதத்தைக் குழுவில் என் மௌனம் என்று பேசிக்கொண்டார்கள். அப்போதாவது எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு தை மாதம் தம்பி விடுமுறைக்கு வந்தார். அவர் தங்கை கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை எடுக்க வேண்டியிருந்தது. வரதரையும் காமாட்சியையும் பார்த்துவிட்டு, சேலையும் எடுத்துவிட்டு, அப்படியே உங்கள் வீட்டுக்கும் வருகிறோம் என்று டீச்சர் எழுதினார். ஐந்து பேர், ஒரு வேன். பயப்பட வேண்டிய நான் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். "என்கூடப் புத்தகம் படிக்கிறவங்க வராங்க" என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். கேசரி கிண்டி, வடை சுட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டாள்.

வந்தவர்களுக்குத் தறியைப் பார்க்க ஆசை. இரண்டு நாள் முன்புதான் கோர்வைப் பாவு முடிந்து புதுப் பாவு ஏறியிருந்தது. அவள் குழியில் இறங்கிக் கொஞ்சம் நெய்து காட்டினாள். தம்பி அவளிடம் கேட்டார்: "அக்கா, இவர் திடீர்னு காணாமப் போயிடுவார். ஒன்றரை மாசம் ஒரு வரி எழுத மாட்டார். வீட்லயும் இப்படித்தான் மௌனமா இருப்பாரா?"

அவள் கலகலவென்று சிரித்தாள். "மௌனமா? நீங்க வேற. கோர்வை ஏறிச்சின்னா இவருதான் பக்கத்துல குந்தி நாடா தள்ளணும். கை காலியா இருக்காது, எனக்குப் படிச்சுக் காட்ட முடியாது. அவ்ளோதான்."

"படிச்சுக் காட்டுவாரா?" என்றார் டீச்சர்.

"ஆமாங்க. இவரு படிப்பாரு, நான் நெய்ஞ்சிக்கினே கேப்பேன்."

டீச்சருக்கு முகம் இளகிவிட்டது. "கொடுத்துவச்சவம்மா நீ" என்றார். அவள் குழியிலிருந்து ஏறி வந்து அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அதை வாங்கிய டீச்சர், டம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் ஒரு தடவை எழுதினார். அந்தக் கதையில யாரும் யாரையும் தொடறதில்ல, ஆனா தண்ணி மொண்டு கொடுத்துக்கிட்டே இருக்காங்க, அதுதான் அவங்க தொட்டுக்கறதுன்னு. அதைப் படிச்ச அன்னிக்குப் பூரா எனக்கு வேலை ஓடல. எங்க வீட்டுக்காரர் போய் ரெண்டு வருஷம் ஆகுது. அவருக்கு நான் கடைசியாக் கொடுத்ததும் தண்ணிதாம்மா."

என் மனைவி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "அப்படிங்களா, நல்லா எழுதியிருக்காரு" என்றாள்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். "காபி ஆறிடப் போகுது, எல்லாரும் எடுத்துக்கங்க" என்றேன்.

வேன் போன பிறகு அவள் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுத் தறியில் இறங்கினாள். சண்டை போட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன், கத்துவது எனக்குக் கைவந்த கலை. அவள் போடவில்லை. மறுநாள் வழக்கம்போல் பாயைப் போட்டு ஒரு நாவலை ஆரம்பித்தேன். நான்கு நாளில் முடித்தேன். "எப்டி இருந்துச்சு?" என்றேன். "நல்லா இருந்துச்சு" என்றாள். அடுத்ததும் நல்லா இருந்தது. அதற்கு அடுத்ததும் நல்லா இருந்தது. அதே வெயில் பாவின் மேல் விழுந்தது, அதே சத்தம், நானும் அதே மாதிரி மூச்சைப் பிடித்துப் படித்தேன். ஆனால் கதைக்குள் போக முடியவில்லை. எழுத்துகள் எழுத்துகளாகவே இருந்தன. செத்துப்போன யாரும் ஷேர் ஆட்டோவில் ஏறவில்லை. அவள் பேசுவதைக் கேட்கத்தான் நான் இத்தனை நாளும் படித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு மாதம் பொறுத்தேன். எனக்கு அதுவே அதிகம். ஒருநாள் புத்தகத்தைப் பாயில் போட்டுவிட்டுக் கத்தினேன். "இன்னா, வாயில கொழுக்கட்டையா? நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சுன்னு. வேற ஒண்ணும் தோணலையா உனக்கு?"

"தோணுது" என்றாள். நாடா நிற்கவில்லை. "சொன்னா நீ எடுத்துக்கினு போயிடுவ."

நான் பாயில் கிடந்த புத்தகத்தை எடுத்து மூடினேன்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன் மாமா. பிரஸ் வேலைன்னு சொன்ன பாரு, அதான்."

மன்னித்துவிடு என்று சொன்னேன். அதைச் சொல்லும்போதுகூடப் புத்தகத்தில் படித்த குரலில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன், அவள் முகம் மாறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "என்னை ஒரு நாள் அங்க கூட்டிக்கினு போ. நானே எழுதறேன்" என்றாள். டீச்சருக்கு எழுதி அவளைக் குழுவில் சேர்த்தேன். "நம் நண்பரின் துணைவியாரும் நம்முடன் இணைகிறார்" என்று டீச்சர் எல்லோருக்கும் அறிவித்தார்.

அந்த ஞாயிறு பிரவுசிங் சென்டரின் சின்ன அறையில் இருவரும் நெருக்கி உட்கார்ந்தோம். நான் தட்டுகிறேன், நீ சொல் என்றேன். முழங்கையால் என்னைத் தள்ளிவிட்டாள். "க எங்க இருக்குது? இதுக்குக் கொம்பு எங்க?" என்று மட்டும் கேட்டாள். இழை எண்ணுவதுபோல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ஒற்றை விரலால் தட்டினாள். ஒரு மணி நேரத்தில் சில வரிகள். பரம்பரை வீடு ஒன்றை விற்கிற நாவலைப் பற்றி அவள் எழுதியது இது: "இந்தக் கதையில் வீட்டை விற்கிறார்கள். எல்லோரும் அழுகிறார்கள். வாங்கியவர்கள் யார் என்று ஒரு பக்கத்தில்கூட வரவில்லை. அவர்களும் ஆசைப்பட்டுத்தானே வாங்கியிருப்பார்கள். அவர்கள் முதல் நாள் அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை."

நான் எத்தனை மடல் எழுதியிருக்கிறேன், இதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்றுகூட இல்லை. அனுப்பும் பொத்தானை அவளே அழுத்தினாள். படியிறங்கும்போது என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு பதில் பார்க்க அவளும் வந்தாள். பக்கம் மெதுவாக இறங்கியது. முதலில் சிங்கப்பூர்த் தம்பி. "வாழ்த்துகள் அக்கா! உங்கள் கணவரின் பார்வையும் நடையும் அப்படியே தெரிகின்றன. அவர் நிழலிலிருந்து வெளியே வந்து உங்கள் சொந்தக் குரலைத் தேடுங்கள்." கீழே மூன்று பேர் அதை ஆமோதித்திருந்தார்கள். "போகப் போக வந்துவிடும்" என்று டீச்சர் ஆறுதல் சொல்லியிருந்தார்.

அவள் திரையில் விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். "சொந்தக் குரலாம்" என்றாள். பிறகு திரைத்துணியை விலக்கிக்கொண்டு கீழே போய்விட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தம்பி மேல் வந்த கோபம் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை, திரும்பி என் மேலேயே வந்தது. அவர் என்ன தப்பு சொன்னார்? அவருக்குத் தெரிந்த குரலை அவர் அடையாளம் கண்டுபிடித்தார், அவ்வளவுதான். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். சட்டைப் பையில் சீட்டு எதுவும் இல்லாமல் எழுதிய முதல் மடல் அது. அரிசி, மழை, பாட்டு, தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, இவை எல்லாம் அவள் சொன்னவை, உங்களுக்குப் பிடித்த எதுவும் என்னுடையது இல்லை, என் மௌனம் என்று நீங்கள் சொன்னது கோர்வைச் சேலை, நான் திருடன் என்று எழுதி அனுப்பினேன். கீழே வந்தபோது அவள் பஸ் நிற்கிற இடத்தில் நிழலில் நின்றிருந்தாள். சொன்னேன். "சரி" என்றாள்.

ஒரு வாரம் கழித்து நான் மட்டும் போனேன். என் வாழ்நாளில் எனக்கு அத்தனை பதில்கள் வந்ததில்லை. "மனைவிக்காக இப்படி ஒரு மனிதர் விட்டுக்கொடுப்பாரா!" என்று ஒருவர். "படித்துவிட்டுக் கண் கலங்கினேன்" என்று இன்னொருவர். "இந்தப் பெருந்தன்மைதான் உங்கள் எழுத்திலும் தெரிகிறது" என்று வேறொருவர். டொரான்டோக்காரர் தன் கணவருக்கு அதைப் படித்துக் காட்டினாராம். "யார் சொன்னது என்பதா முக்கியம்? நீங்கள் இருவரும் ஒருவர்தானே" என்று டீச்சர் எழுதியிருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, அடக்கத்தில் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன் என்று மறுபடி எழுதினேன். அதற்கும் தம்பி பதில் போட்டார், இந்த அடக்கம்தான் உங்கள் பலம் என்று. அத்தோடு குழுவிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். "அவ்ளோ நாளு பொய் எழுதின, நம்பினாங்க. ஒரு நாளு நெசம் எழுதின, நம்பலை. விடு மாமா" என்றாள். அவளும் அதன் பிறகு குழுவில் எழுதவில்லை. ஆசையில்லையா என்று கேட்டேன். "நான் இன்னா எழுதினாலும் உன்னுதுன்னுதான் சொல்லப்போறாங்க" என்றாள்.

படிப்பதை மட்டும் நான் நிறுத்தவில்லை. அவளும் நிறுத்தச் சொல்லவில்லை. கோர்வை வரும், போகும், மறுபடி பாயைப் போடுவேன். புத்தகம் முடிந்தால் எப்படி இருந்தது என்று கேட்பதை விட்டுவிட்டேன். முடிந்ததும் மூடிவைத்துவிட்டுத் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது.

ஐப்பசி மாதம், விடாத மழை. பச்சைப் பாவு. வீட்டுக்குள் வெளிச்சம் குளத்தடியில் இருப்பதுபோல் இருந்தது. அண்ணன் தம்பி இருவரைப் பற்றிய ஒரு கதையை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தறிச் சத்தமும் மழைச் சத்தமும் கலந்து எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. அப்போது அவள் சொன்னாள். யாரிடமோ சொல்வதுபோல், பாதி வாக்கியம். என் கை தன்பாட்டில் சட்டைப் பைக்குப் போனது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். நாடா நின்றது. நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு அவள் மீதி வாக்கியத்தையும் சொன்னாள். அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன்.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்ததும் நேற்று சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்துக் காட்டினேன். தண்ணீர் கொடுத்தது டம்ளரில் இல்லை, சொம்பில் என்றாள். சுண்ணாம்பு அடித்தது நீ இல்லை, நான் என்றாள். அப்புறம் வெகு நேரம் நெய்தாள்.

"வெயிலு, மழை, பாவு, பச்சை, மஞ்சள்னு எவ்ளோ அழகா எழுதியிருக்க மாமா" என்றாள். "உன் தப்பக்கூட அழகா எழுதிட்ட. படிக்கிறவங்களுக்கு அது தப்பு மாதிரியே தெரியாது. உன்ன நல்லவன்னுதான் சொல்லப்போறாங்க, அப்ப சொன்ன மாதிரியே."

நான் காகிதங்களைக் கிழிக்கப் போனேன். "கிழிக்காத" என்றாள். "நான் இப்ப சொன்னதையும் கடைசில போடு. யாரு சொன்னதுன்னு போடு."

என் மனைவி சொன்னது.